நிகழ்பட ஆட்ட அங்காடி அட்டைப்படம்

நிகழ்பட ஆட்ட அங்காடி அட்டைப்படம் என்பது, ஒரு நிகழ்பட ஆட்டத்தை இணைய அங்காடிகளில் வாங்குவோருக்கு அறிமுகம் செய்யும் முதன்மைப் படம் ஆகும். இது ஆட்டத்தின் பெயரையும் ஓவியத்தையும் ஒருங்கே கொண்டிருக்கும். ஸ்டீம் அங்காடியில் இது கேப்சூல் என்றும், கைபேசி அங்காடிகளில் படவுரு என்றும் வழங்கப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் தொலைக்காட்சி, செய்தித்தாள் விளம்பரங்கள் வழியாகவும் வாங்குவோரை அடைகின்றன. ஒருவரோ சிறு குழுவினரோ சொந்தப் பொருளில் உருவாக்கும் தற்சார்பு ஆட்டங்களுக்கு அவ்வாய்ப்பு குறைவு. எனவே, பல ஆண்டு உழைப்பில் உருவான ஆட்டம் ஒருவரால் சொடுக்கிப் பார்க்கப்படுமா, கடந்து செல்லப்படுமா என்பதைப் பெரும்பாலும் இந்தச் சிறு படமே முடிவு செய்கிறது.

வரலாறு

நிகழ்பட ஆட்டங்கள் பேழைகளில் வைத்துக் கடைகளில் விற்கப்பட்ட காலத்தில், பேழையின் மேலட்டையே அவற்றின் முதன்மை விளம்பரமாக இருந்தது. 1977இல் வெளியான அட்டாரி 2600 கருவியின் ஆட்டங்கள் திரையில் சில சதுரங்களாகவும் கோடுகளாகவும் மட்டுமே தோன்றின. ஆகவே, கிளிஃப் ஸ்போன் முதலிய ஓவியர்கள் வரைந்த வண்ண ஓவியங்கள் அவற்றின் அட்டைகளில் இடம்பெற்றன. திரையில் காட்ட இயலாத கதையையும் சூழலையும் அந்த ஓவியங்கள் ஆடுவோரின் மனத்தில் ஏற்றின.

அட்டைப்படம் விற்பனையைப் பாதிக்கும் என்பதற்கு 2001இல் வெளியான ஈக்கோ என்னும் ஆட்டம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் சப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகளின் அட்டையை ஆட்டத்தின் இயக்குநர் ஃபுமித்தோ உவேதா, இத்தாலிய ஓவியர் ஜியார்ஜியோ டி கிரிக்கோவின் பாணியைத் தழுவி வரைந்தார். வட அமெரிக்கப் பதிப்புக்கு வேறு அட்டை பயன்படுத்தப்பட்டது. அங்கு அவ்வாட்டம் எதிர்பார்த்த அளவு விற்கப்படாமைக்கு அந்த அட்டையும் ஒரு காரணம் எனப் பலர் கருதுகின்றனர்.

வால்வு நிறுவனத்தின் ஸ்டீம் சேவை 2003 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோர் 2008 சூலையிலும், இட்ச்.ஐஓ தளம் 2013இலும் தொடங்கின. 2012 முதல் 2017 வரை ஸ்டீமில் கிரீன்லைட் என்னும் வாக்கெடுப்பு முறை நடைமுறையில் இருந்தது. 2017 சூனில் அது நீக்கப்பட்டு, ஓர் ஆட்டத்திற்கு 100 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்தி எவரும் வெளியிடக்கூடிய ஸ்டீம் டைரக்ட் முறை வந்தது. இதனால் சிறு உருவாக்குநர்களுக்குக் கதவு திறந்தது. அதே வேளையில் போட்டியும் பெருகியது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 14,000க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஸ்டீமில் வெளியாயின. இத்தனை ஆட்டங்களுக்கு நடுவில் ஒரு படத்தின் மீது ஒருவர் பார்வை நிற்பது சில நொடிகளே ஆகும்.

அங்காடிகளும் பட அளவுகளும்

ஒரே ஓவியத்தை எல்லா இடங்களிலும் அப்படியே பயன்படுத்த இயலாது. ஒவ்வோர் அங்காடியும் வெவ்வேறு வடிவங்களைக் கேட்கிறது. முதன்மையான அளவுகள் படவணுக்களில் (பிக்சல்) பின்வருமாறு:

- ஸ்டீம் தலைப்புப் படம்: 920 × 430
- ஸ்டீம் சிறு கேப்சூல்: 462 × 174
- ஸ்டீம் முதன்மைக் கேப்சூல்: 1232 × 706
- ஸ்டீம் செங்குத்துக் கேப்சூல்: 748 × 896
- ஸ்டீம் நூலகக் கேப்சூல்: 600 × 900
- இட்ச்.ஐஓ அட்டை: 630 × 500 (குறைந்த அளவு 315 × 250)
- கூகிள் பிளே படவுரு: 512 × 512, சிறப்புப் படம்: 1024 × 500
- ஆப்பிள் ஆப் ஸ்டோர் படவுரு: 1024 × 1024

இவற்றுள் சிறு கேப்சூலே கடினமானது. தேடல் முடிவுகள் போன்ற பட்டியல்களில் இது 120 × 45 படவணு அளவுக்குச் சுருக்கப்பட்டுக் காட்டப்படும். 600 × 900 அளவுள்ள நூலகக் கேப்சூலில் 5,40,000 படவணுக்கள் உள்ளன. 120 × 45 அளவுள்ள படத்தில் இருப்பவை 5,400 மட்டுமே. அதாவது, பெரிய படத்தில் உள்ள செய்தியில் நூறில் ஒரு பங்கே சிறிய படத்தில் எஞ்சும். முகபாவம், ஆடையின் மடிப்பு, பின்புலக் கட்டடங்கள் ஆகியவை மறைந்துவிடும். எஞ்சுவது ஆட்டத்தின் பெயரும், ஒன்றிரண்டு வண்ணங்களும், ஒரு நிழலுருவும் ஆகும். இதனாலேயே சிறு கேப்சூலை ஆட்டத்தின் பெயரே ஏறத்தாழ நிரப்ப வேண்டும் என வால்வு நிறுவனம் தன் வழிகாட்டியில் அறிவுறுத்துகிறது.

வடிவமைப்புக் கூறுகள்

ஒற்றை மையப்பொருள்: நல்ல அட்டைப்படத்தில் கண் முதலில் சென்று நிற்பதற்கு ஓரிடம் இருக்கும். அது ஒரு மாந்தராகவோ, பொருளாகவோ, நிகழ்வாகவோ இருக்கலாம். ஆட்டத்தில் வரும் எல்லா மாந்தரையும் ஒரே படத்தில் நிறுத்தினால் எவரும் மனத்தில் பதியார்.

நிழலுரு: மையப்பொருளை முழுக் கறுப்பாக நிரப்பிப் பார்த்தாலும் அது இன்னதென அறியக்கூடியதாக இருத்தல் வேண்டும். கைகளை உடலோடு ஒட்டி நிற்கும் உருவத்தைவிட, வலை வீசும் உருவமோ குடம் தாங்கும் உருவமோ எளிதில் அடையாளம் காணப்படும்.

ஒளி வேறுபாடு: வண்ண வேறுபாட்டைவிட வெளிச்சத்திற்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடே சிறு அளவில் படத்தைப் பிரித்துக் காட்டுகிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது இதனை அறியும் எளிய வழியாகும். சிவப்பும் பச்சையும் வண்ணத்தில் வேறாயினும், ஒரே அளவு ஒளி உடையனவாயின் கறுப்பு வெள்ளையில் ஒன்றாகிவிடும். வண்ணக்குருடு உடையோருக்கும் அவ்வாறே தோன்றக்கூடும்.

வகையை உணர்த்தல்: ஆட்டம் புதிர் வகையா, சண்டை வகையா, கதை வகையா என்பது பார்த்த அளவில் விளங்க வேண்டும். வாங்குவோர் தமக்குப் பிடித்த வகையையே தேடுகின்றனர். ஒவ்வொரு வகைக்கும் உரிய வண்ணமும் எழுத்துப் பாணியும் வழக்கில் உள்ளன. அவற்றை முற்றிலும் துறந்தால் உரியவர்கள் அடையாளம் காணார். முற்றிலும் பின்பற்றினால் பிற ஆட்டங்களோடு கலந்து போகும். வகையின் வழக்கத்தைப் பெரும்பாலும் ஏற்று, ஒன்றில் மட்டும் வேறுபடுவது பயன் தரும்.

உண்மைத்தன்மை: ஆட்டத்தில் இல்லாததை அட்டை உறுதியளித்தல் கூடாது. ஸ்டீமில் 2015 சூன் முதல், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால், வாங்கிய 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே, ஏமாற்றும் அட்டை சொடுக்குகளைப் பெற்றுத் தந்தாலும், அதன் விளைவாகத் திரும்பிய பணமும் குறைகூறும் மதிப்புரைகளுமே மிஞ்சும்.

தமிழ் எழுத்துகளில் பெயர்

ஆட்டத்தின் பெயரைத் தமிழில் எழுதும்போது சில தனிச் சிக்கல்கள் எழுகின்றன. இலத்தீன் பெரிய எழுத்துகள் அனைத்தும் ஒரே உயரம் உடையவை. தமிழ் எழுத்துகளிலோ புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் மேலே எழுகின்றன. உகர, ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. எனவே, ஒரே உயரமுள்ள இடத்தில் தமிழ் எழுத்தின் நடுப்பகுதி இலத்தீன் எழுத்தைவிடச் சிறிதாகவே அமையும்.

120 படவணு அகலத்தில் இருபுறமும் 6 படவணு ஓரம் விட்டால் 108 எஞ்சும். வில்லியனூர் என்னும் பெயர் 6 எழுத்துருக்களைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 18 படவணுக்கள் கிடைக்கும். பாகூர் என்னும் பெயரில் துணைக்காலையும் சேர்த்து 4 உருக்களே இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் 27 கிடைக்கும். குறுகிய பெயரின் நன்மை இதனால் விளங்கும்.

சிறு அளவில் மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, இரண்டு சுழி னகரத்தோடு மயங்கும். புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகப் படிக்கப்படும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். இவற்றைத் தவிர்க்கப் பின்வருவன செய்யப்படுகின்றன:

- எழுத்தின் கோட்டுத் தடிமனை மிகையாக்காமல், சுழிகளின் உள்வெளியைத் திறந்து வைத்தல்
- புள்ளியை வழக்கத்தைவிடப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்று விலக்கி இடல்
- ரகரத்தின் கீழ்க்கோட்டைத் தெளிவாக நீட்டல்
- நீண்ட பெயரை இரண்டு வரியாகப் பிரித்தல். சிறு கேப்சூலில் ஓவியத்தைக் குறைத்துப் பெயருக்கு இடமளித்தல்

கல்வெட்டு, ஓலைச்சுவடி எழுத்துகளைப் போன்ற அலங்காரம் பழமை உணர்வைத் தரும். எனினும், பெயரைப் படிக்க இயலாதவாறு அது அமைந்தால் தேடுவோர் அப்பெயரைத் தட்டச்சிடவும் பிறரிடம் சொல்லவும் இயலாது.

அங்காடி விதிகள்

2022 செப்டம்பர் 1 முதல், ஸ்டீம் கேப்சூல்களில் ஆட்டத்தின் ஓவியம், பெயர், அதிகாரப்பூர்வத் துணைப்பெயர் ஆகியவை மட்டுமே இடம்பெறலாம். மதிப்பெண்கள், விருதுகளின் பெயர்கள், தள்ளுபடி அறிவிப்புகள், பிற ஆட்டங்களின் விளம்பரம் ஆகியவற்றுக்கு இடமில்லை. பெரிய இற்றைப்படுத்தல் ஒன்றை அறிவிக்க, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் மாற்றுப்படம் இடும் வசதி தனியாக உள்ளது. இவ்விதி சிறு உருவாக்குநர்களுக்கு ஒருவகையில் நன்மையே எனலாம். விருது பெற்ற ஆட்டமும் பெறாத ஆட்டமும் பட்டியலில் ஓவியத்தாலும் பெயராலும் மட்டுமே போட்டியிடுகின்றன.

செயற்கை அறிவுத்திறனைப் பயன்படுத்தி உருவாக்கிய உள்ளடக்கம் ஆட்டத்தில் இருப்பின், அதனைத் தெரிவிக்க வேண்டும் என்னும் நடைமுறையை ஸ்டீம் 2024 சனவரியில் அறிவித்தது.

கூகிள் பிளே அங்காடி, படவுருவின் மூலைகளைத் தானே வளைவாக வெட்டிக் காட்டும். ஆகவே, மூலைகளில் இன்றியமையாத எதையும் வைத்தல் கூடாது.

தமிழர், இந்தியர் ஆக்கங்கள்

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனத்தின் ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக் 2020இல் வெளியானது. பகாரி சிற்றோவியங்களையும் இராசத்தானக் கட்டடக்கலையையும் தழுவிய தோற்றம் இவ்வாட்டத்தின் சிறப்பாகும். இதன் பெயர் அட்டை வடிவமைப்புக்கு ஏற்ற அமைப்புடையது. குறுகிய முதற்பெயரைப் பெரிதாகவும், விளக்கும் துணைப்பெயரைச் சிறிதாகவும் எழுத இது இடந்தருகிறது. மிகச் சிறிய அளவில் துணைப்பெயர் மறைந்தாலும் ஆட்டத்தின் அடையாளம் மறையாது.

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனத்தின் வெண்பா 2023 சூலை 31 அன்று வெளியானது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்க்கையைச் சமையலின் வழியே கூறும் ஆட்டம் இதுவாகும். தாயிடமிருந்து வந்த, சிதைந்துபோன சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்டிலி முதலிய உணவுகளை ஆடுவோர் சமைக்கின்றனர். 2024இல் இவ்வாட்டம் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் அறிமுக ஆட்டத்திற்கான விருதைப் பெற்றது. யாப்பு வகை ஒன்றின் பெயரே கதைத்தலைவிக்கும் ஆட்டத்திற்கும் பெயராயிற்று. ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்துகளில் அடங்கும் இப்பெயர் சிறு படத்திலும் படிக்கக்கூடியது. தமிழ் அறியாதவரும் எளிதில் ஒலிக்கக்கூடியது. மொழிபெயர்க்கப்படாத தமிழ்ப்பெயர் உலக அங்காடியில் தடையாவதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

புதுச்சேரி ஊரகக் கருப்பொருள்கள்

வட்டாரக் கருப்பொருள்களை அட்டைப்படத்தில் அமைக்கும் முறையைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைக் கொண்டு விளக்கலாம். பின்வருவன வெளியான ஆட்டங்கள் அல்ல. வடிவமைப்பை விளக்கும் எடுத்துக்காட்டுகளே ஆகும்.

தேர்: வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த்திருவிழா புகழ்பெற்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கி வைத்தார். அம்மரபைப் பின்னர்த் துணைநிலை ஆளுநர்கள் தொடர்ந்து வருகின்றனர். தேர் உயரமான பொருள் ஆதலால் 600 × 900 செங்குத்துப் படத்தில் முழுமையாகப் பொருந்தும். அகலமான 920 × 430 படத்தில் முழுத் தேரையும் காட்ட முயன்றால் அது சிறுத்து, இருபுறமும் வெற்றிடம் விழும். அவ்வடிவத்தில் தேர்ச்சக்கரத்தையும், படத்தின் குறுக்கே நீளும் வடத்தையும், அதனை இழுக்கும் கைகளையும் காட்டுவதே பொருத்தம். சிறு கேப்சூலில் வடம் மட்டும் பெயருக்கு அடிக்கோடாக அமையலாம்.

ஏரி: வில்லியனூரை ஒட்டிய ஊசுட்டேரியும், பாகூர் ஏரியும் பறவைகள் வந்து தங்கும் நீர்நிலைகள் ஆகும். ஏரி கிடைமட்டமாக விரிவது. அகலப் படங்களுக்கு இயல்பாகப் பொருந்தும். செங்குத்துப் படத்தில் நீரில் நிற்கும் ஒரு நாரையை முன்னிறுத்தி, ஏரியைப் பின்னணியாக்க வேண்டியிருக்கும்.

சுடுமண்: வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. சுடுமண் குதிரை தெளிவான நிழலுரு உடையது. சதுரமான கைபேசிப் படவுருவுக்குக் குதிரையின் தலை ஒன்றே போதுமானது. சுடுமண்ணின் செந்நிறம் அடர்நீலப் பின்னணியில் நன்கு பிரிந்து தெரியும். மாலைவானச் செம்மையில் கலந்து மறையும்.

செப்பேடு: பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் குறிக்கின்றன. இதனைத் தழுவிய கதையாட்டம் ஒன்றுக்கு ஏட்டின் எழுத்துகளை அட்டையில் நிரப்பினால், சிறு அளவில் அவை வெறும் புள்ளிகளாகவே தோன்றும். ஏடுகளைக் கோக்கும் வளையம் போன்ற ஒற்றை வடிவம் எந்த அளவிலும் நிலைக்கும்.

இவ்வெடுத்துக்காட்டுகளில் இருந்து ஒன்று விளங்கும். அட்டைப்படம் ஓர் ஓவியத்தைப் பல அளவுகளில் வெட்டுவதன்று. ஒரே கருப்பொருளை ஒவ்வொரு வடிவத்திற்கும் ஏற்பத் திரும்ப அமைப்பதே ஆகும்.

உருவாக்கும் முறை

பொதுவாகப் பின்பற்றப்படும் படிநிலைகள் வருமாறு:

1. ஆட்டத்தில் ஆடுவோர் என்ன செய்கின்றனர் என்பதை ஒரே தொடரில் எழுதுதல். அட்டை காட்டவேண்டியது அந்தத் தொடரையே ஆகும்.
2. அதே வகையைச் சேர்ந்த இருபது முப்பது ஆட்டங்களின் சிறு படங்களைத் திரட்டி, பொதுவான வண்ணங்களையும் அமைப்புகளையும் குறித்தல்.
3. பெருவிரல் அளவில் பத்துக்குக் குறையாத மாதிரிகளைக் கோட்டோவியமாக வரைதல். விவரங்களைச் சேர்க்க இடமில்லாத இவ்வளவு, அமைப்பைப் பற்றி மட்டும் சிந்திக்க வைக்கும்.
4. தேர்ந்த மாதிரியைச் சாம்பல் நிறங்களில் அமைத்து ஒளி வேறுபாட்டைச் சரிபார்த்தல்.
5. பெயர், மையப்பொருள், பின்னணி ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வரைதல். பின்னர் ஒவ்வொரு வடிவத்திற்கும் இடமாற்றி அமைக்க இது இன்றியமையாதது.
6. முடிந்த படத்தை 120 × 45 அளவுக்குச் சுருக்கி, பிற ஆட்டங்களின் படங்களுக்கு நடுவில் வைத்துக் கைபேசியிலும் கணினியிலும் பார்த்தல்.

அங்காடிப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னரே இவை முடிந்திருத்தல் நல்லது. வெளியீட்டுக்கு முன் விருப்பப் பட்டியலில் சேர்ப்போரைப் பெறுவதும் இதே படத்தின் வழியேதான்.

சோதித்தல்

ஆட்டத்தை அறியாத ஒருவரிடம் படத்தைச் சில நொடிகள் மட்டும் காட்டி, பெயர் என்ன, எவ்வகை ஆட்டம் என்று கேட்பது செலவில்லாத சோதனையாகும். உருவாக்குநரும் நண்பர்களும் ஆட்டத்தை முன்பே அறிந்தவர்கள். படத்தில் இல்லாததையும் அவர்கள் மனத்தால் நிரப்பிக் கொள்வர்.

படம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதனால் எத்தனை பேர் பக்கத்திற்கு வந்தனர் என்னும் விவரத்தை ஸ்டீம் உருவாக்குநர்களுக்கு அளிக்கிறது. கூகிள் பிளே அங்காடியில் இரண்டு படங்களை வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி ஒப்பிடும் வசதி 2015 முதல் உள்ளது. ஆப்பிள் 2021இல் இத்தகைய வசதியை அளித்தது. ஒப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வண்ணத்தையும் எழுத்தையும் ஒருங்கே மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என்று அறிய இயலாது. பார்த்தோர் எண்ணிக்கை சில நூறாக மட்டும் இருப்பின், சிறு வேறுபாடுகளைக் கொண்டு முடிவெடுத்தல் தவறாகும்.

பதிப்புரிமை

அட்டைப்படத்தை வேறோர் ஓவியர் வரைந்து தரும்போது எழுத்து வடிவ ஒப்பந்தம் தேவை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்துடன் இருந்தால் மட்டுமே செல்லும். காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உலகெங்கும் விற்கப்படும் ஆட்டத்திற்கு இவ்விரண்டும் போதா. ஆகவே காலம், நாடுகள், படத்தைத் திருத்தும் உரிமை, சட்டை, சுவரொட்டி முதலியவற்றில் பயன்படுத்தும் உரிமை, ஊதியம் ஆகியவை ஒப்பந்தத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

இவ்வொப்பந்தம் ஓவியருக்கும் காப்பாகும். உரிமையை மாற்றித் தந்த பின்னரும், படைப்பைத் தம்முடையது எனக் கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கும். ஆட்டத்தின் நன்றியுரையில் ஓவியரின் பெயரைக் குறிப்பிடுதல் நல்வழக்கம். எழுத்துருக்களுக்கும் இதே கவனம் தேவை. இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள் அனைத்தும் வணிகப் பயன்பாட்டிற்கு உரிமம் பெற்றவை அல்ல.

பொதுவான பிழைகள்

- ஆட்டத்தின் திரைப்பிடிப்பை அப்படியே அட்டையாக இடுதல்
- பெயரைப் பின்னணியின் ஒளியோடு ஒத்த வண்ணத்தில் எழுதுதல்
- ஒவ்வொரு வடிவத்திற்கும் தொடர்பற்ற வேறு வேறு ஓவியங்களைப் பயன்படுத்தி அடையாளத்தைச் சிதைத்தல்
- பெரிய திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் அளித்தல்
- புகழ்பெற்ற வேறோர் ஆட்டத்தின் எழுத்துப் பாணியைப் போலச் செய்து, அதன் நிழலிலேயே தங்கிவிடுதல்
- வெளியீட்டு வாரம் வரை அட்டைப்பட வேலையைத் தள்ளிப் போடுதல்